பட்டு நூலுக்குப் பொருந்திய மட்கார்டு

பிளாஸ்டிக் உடைவதற்கு முன்னால் வெளுக்கும். வளைக்கிற இடத்தில் முதலில் ஒரு வெள்ளைக் கோடு வரும். நல்ல பிளாஸ்டிக் என்றால் கோடு வந்தாலும் உடையாமல் திரும்ப நிமிர்ந்துகொள்ளும். மட்டமானதென்றால் கோடு வந்த கையோடு விரிசல் ஓடும். இப்போதும் யாராவது புது மட்கார்டு வாங்கிவந்து மாட்டச் சொன்னால் என் கண் அந்த வெள்ளைக் கோட்டைத்தான் தேடுகிறது. கோடு இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஸ்பேனரை எடுப்பேன். இந்தப் பயம் எனக்கு ஒரு மஞ்சள் மட்கார்டிலிருந்து வந்தது.

காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை போகிற சாலையில் எனக்கு ஒரு சின்ன மெக்கானிக் கடை இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கொஞ்ச காலம் தறியில் உட்கார்ந்தேன், பிறகு ஸ்பேனர் பிடித்தேன். கடைக்கு வருகிறவை மொபெட்டுகள், ஸ்கூட்டர்கள், தறிக்கான பாவு நூல் மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடும் பழைய பைக்குகள். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. வண்டிக்காரர் பேசுவார். நான் குனிந்து வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியிருந்தால் பார்வை தானாகத் தரைக்குப் போய்விடும். சிறுவயதிலிருந்தே அப்படித்தான்.

ஒரு நாள் காலையில் கடை வாசலில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. அதில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு மோட்டார் சைக்கிள். உயரமாக, ஒல்லியாக, சேறும் உமியும் ஒட்டிக்கொண்டு இருந்தது. பட்டன் பட்டனாக எழும்பிய டயர். ஹெட்லைட் இல்லை, ஹாரன் இல்லை. கூட இறங்கியவர் வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருப்பவர். அறுபதைத் தாண்டியவர். ஒரு முழங்கால் சரியாக மடங்காது. அவருடைய மொபெட்டை நான் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன்.

பக்கத்து டீக்கடைக்காரர் எழுந்து வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா மொதலாளி இது, லைட்டுகூட இல்ல?"

"ரோட்ல போற வண்டி இல்லப்பா. மோட்டோகிராஸ் வண்டி. மண்ணுல எகிறிக் குதிக்கிறது."

"குதிச்சிட்டு?"

"குதிச்சிட்டு இன்னா, மறுபடியும் குதிக்கணும்."

டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மில்காரர் என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். வாலிபத்தில் இந்த வண்டியில் பந்தயம் ஓடியவர். அதற்குப் பிறகு வண்டி மில்லில் உமி கொட்டுகிற கொட்டகையிலேயே கிடந்தது. எஞ்சினை மட்டும் கழற்றி அனுப்பி, அந்த வேலையைச் சென்னையில் முடித்துவிட்டார். பொங்கல் கழிந்து திருப்புட்குழிக்கு அந்தப் பக்கம் காய்ந்த ஏரியில் பழைய வண்டிக்காரர்கள் ஒன்று சேர்கிறார்கள். அங்கே ஒரு சுற்று ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"பிளாஸ்டிக் பூரா போச்சு. நீ பாத்து வரவழைச்சு மாட்டு. வீட்டுக்குத் தெரியாது. நீ வாயத் தொறக்க மாட்ட, அதான் உன்கிட்ட குடுக்குறேன்."

நான் தலையாட்டினேன்.

அந்த வண்டியில் முன் மட்கார்டு பாதிதான் இருந்தது. மீதி எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"ஒரு மேட்டுலேர்ந்து எறங்கினேன். சக்கரம் மேல ஏறி மட்கார்ட முட்டுச்சு. வெயில்ல கெடந்து மொறுமொறுன்னு ஆயிருந்துது அது. உடஞ்ச துண்டு சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவுல போயி மாட்டிக்கிச்சு. வண்டி நின்னுடுச்சு. நான் நிக்கல."

சட்டைப் பட்டனைக் கழற்றிக் கழுத்தெலும்பைக் காட்டினார். எலும்பு ஒட்டிய இடத்தில் ஒரு முடிச்சு மாதிரி புடைத்திருந்தது. அதை அவர் சிரித்துக்கொண்டே தடவினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து எனக்கு அந்த மட்கார்டைப் பற்றித்தான் நினைப்பு.

வண்டியைச் செய்த கம்பெனி இந்தப் பாகங்களை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. பழசைப் பார்த்து அச்செடுத்துப் புதிதாகச் செய்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். முன் மட்கார்டு, பின் மட்கார்டு, பக்கத்தில் எண் எழுதுகிற தகடு, டேங்கின் இரண்டு பக்கமும் வருகிற மூடி என்று எல்லாம் செய்கிறார்கள். ஒரு வாடிக்கையாளர் ஃபோனில் தேடி, கோயம்புத்தூரில் ஒருவரைப் பிடித்துக்கொடுத்தார். மில்காரருக்கு வேண்டியது ஒன்றுதான். பழைய மஞ்சளே வர வேண்டும். எல்லா மஞ்சளும் அவருக்கு மஞ்சள் இல்லை.

அவர் பத்திரமாக வைத்திருந்த உடைந்த துண்டின் அடிப்பக்கத்தில் வெயில் படாத இடத்தில் அந்த நிறம் அப்படியே இருந்தது. ஃபோட்டோ எடுத்தேன். என் ஃபோனில் ஒரு மஞ்சள், வாடிக்கையாளர் ஃபோனில் ஒரு மஞ்சள், டீக்கடைக்காரர் ஃபோனில் வேறொரு மஞ்சள். இதை எப்படி அனுப்புவது? துண்டையே அனுப்பிவிடலாம் என்றால் மில்காரர் அதைக் கையை விட்டு விடமாட்டேன் என்றார்.

எங்கள் ஊரில் நிறம் கேட்டு வருகிறவர்கள் ஃபோட்டோவோடு வருவதில்லை. ரவிக்கைத் துணி கொண்டுவருவார்கள், இல்லையென்றால் ஒரு பூ. சாயக்காரர் கொஞ்சம் நூலை நனைத்து, காய வைத்து, நிழலில் அதோடு சேர்த்து முறுக்கிப் பார்ப்பார். இரண்டும் ஒன்றில் ஒன்று காணாமல் போனால் நிறம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கும் அதுதான் தோன்றியது. மில்காரரிடம் ஒரு பொழுதுக்கு மட்டும் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, என் மனைவியின் தம்பியின் சாயப்பட்டறைக்குப் போனேன்.

"மாமா, பொண்ணு வீட்டுக்காரங்க சாமந்திப்பூ எடுத்துக்கினு வருவாங்க. நீ இன்னா பிளாஸ்டிக்க எடுத்துக்கினு வந்து நிக்கிற?"

"இந்தக் கலர் வேணும்பா."

"யாருக்கு? வண்டிக்குப் புடவ கட்டப் போறியா?"

கிண்டல் செய்தாலும் வேலையில் கை வைத்தால் அவன் விளையாட மாட்டான். திரும்பத் திரும்ப முக்கி எடுத்து, கடைசியில் சின்னக் கழியாகச் சுற்றிய பட்டு நூலைக் கொடுத்தான். துண்டின் மேல் வைத்தால் நூல் எது, பிளாஸ்டிக் எது என்று தெரியவில்லை. அந்த நூலைக் கூரியரில் அனுப்பினேன். அப்போது எனக்கு நெஞ்செல்லாம் திருப்தி.

கோயம்புத்தூர்க்காரர் கூப்பிட்டார்.

"ஏனுங்கண்ணா, பார்சல்ல பட்டு நூலு வந்திருக்குதுங்க. வீட்டுல ஏதாச்சும் விசேசங்களா?"

"அதான் கலரு."

"நூலு மாதிரியே வரோணுமுங்களா?"

"நூலு மாதிரியே."

இந்த இரண்டு வார்த்தையை நான் அத்தனை அவசரமாகச் சொல்லியிருக்க வேண்டாம். ஃபோனை வைக்கிற அவசரம் எனக்கு.

பார்சல் வந்தது. மற்ற பாகங்கள் எல்லாம் ஒரே மஞ்சளில் இருந்தன. முன் மட்கார்டு மட்டும் இரண்டு அனுப்பியிருந்தார். ஒன்று அவரே செய்தது. கூடவே திருப்பி அனுப்பியிருந்த நூலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அச்சு அசலாக அதே நிறம், அதே பளபளப்பு. இன்னொன்று வெளிநாட்டிலிருந்து வந்தது. பாதி பழுத்த எலுமிச்சை மாதிரி பச்சை அடித்தது. மற்ற பாகங்களோடு வைத்தால் கண்ணை உறுத்தியது. வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்.

பச்சை அடித்ததை இரண்டு கையால் பிடித்து வளைத்தேன். நுனியும் நுனியும் கிட்ட வந்தன. விட்டதும் படக்கென்று நிமிர்ந்துகொண்டது. அழகானதை எடுத்து வளைத்தேன். கொஞ்ச தூரம் வந்ததுமே வெள்ளைக் கோடு. உள்ளே எங்கோ 'டிக்' என்றது. விட்டுவிட்டேன். தட்டிப் பார்த்தேன். சாப்பிடுகிற தட்டைத் தட்டினால் வருகிற சத்தம் வந்தது.

கோயம்புத்தூருக்கு நானே ஃபோன் செய்தேன். நானாக ஒருவரைக் கூப்பிடுவது அபூர்வம்.

"அண்ணா, மெத்துனு இருக்குற பிளாஸ்டிக்குல அந்தப் பளபளப்பு வராதுங்க. நீங்க நூலு மாதிரியே வேணும்னீங்க, அதனால முன்னாடி தெரியறத மட்டும் கெட்டியான பிளாஸ்டிக்குல போட்டுட்டனுங்க. ஷோவுக்கு நிக்கற வண்டிதானுங்களே?"

பழைய மட்கார்டில் பளபளப்பே கிடையாது. மெழுகு மாதிரி மங்கலாகத்தான் இருக்கும். பளபளப்பு பட்டினுடையது. எங்கள் ஊரில் பட்டின் பளபளப்பை யாரும் நிறத்தோடு சேர்த்துக் கணக்கு வைப்பதில்லை. அதைத் தள்ளிவிட்டுத்தான் நிறத்தைப் பார்ப்போம். அவருக்கு அது எப்படித் தெரியும்? உடைகிற மட்கார்டைக் கேட்டு வாங்கியது நான்தான். சாயப்பட்டறைக்குப் போகாமல் இருந்திருந்தால் அது உலகத்திலேயே இருந்திருக்காது.

அன்று மாலையே மில்காரர் வந்துவிட்டார். நேராக அந்த அழகானதை எடுத்தார். கையோடு கொண்டுவந்த பழைய துண்டைப் பக்கத்தில் வைத்தார். பிறகு விரலால் அதை மெல்லத் தட்டினார்.

"இதான்பா. இதே மஞ்சள்தான்."

"ஐயா..." என்றேன்.

"இன்னா?"

அவர் முகத்தைப் பார்த்தேன், பிறகு தரையைப் பார்த்தேன். "பூட்டி வெய்யி, வெள்ளிக்கிழம வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தலையாட்டியிருக்க வேண்டும்.

அதற்கடுத்த நாள் கோயிலுக்கு வந்தவர் மாதிரி ஒரு அம்மாள் காரிலிருந்து இறங்கினார். நெற்றியில் புதுக் குங்குமம். மில்காரருடைய மனைவி என்று அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தார். சீட்டின் மேல் கையை வைத்து எடுத்தார்.

"காலையில எழுந்து கட்டில் மேல கால தூக்கித் தூக்கிப் போட்டுக்கினு இருக்காரு. முட்டிக்கு நல்லதாம், டாக்டர் சொன்னாராம். எந்த டாக்டர் கட்டில் மேல ஏறச் சொல்வாரு? வண்டி மேல ஏறப் பழகுறாருன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு. டிரைவர் தம்பிய மெரட்டிக் கேட்டேன்."

நான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றேன்.

"அன்னைக்கு அவர் விழுந்தப்ப கல்யாணமாயி ஒரு மாசம்கூட ஆகல. மூக்குல ரத்தம் வந்துக்கினு, பேச்சு மூச்சு இல்லாம எடுத்துக்கினு வந்தாங்க. என்ன ராசியோன்னு மாமியார் வீட்ல என்னத்தான் பாத்தாங்க." திரும்பி என்னைப் பார்த்தார். "வண்டி ஓடாம பண்ணிடுப்பா. ஏதாவது பார்ட்ஸ் வரலன்னு சொல்லு. ஏரிக்கூட்டம் முடிஞ்சிட்டா அவரே மறந்துடுவாரு."

அவர் மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அவர் காரில் ஏறிப் போனபோது நான் சரி என்று சொல்லிவிட்டதாகவே அவர் முகம் காட்டியது. அவரிடமும் தலையாட்டியிருக்கிறேன்.

பச்சையை மாட்டினால் மில்காரர் கேட்பார், பதில் சொல்ல வேண்டும். அழகானதை மாட்டினால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஏரியில் என்ன நடக்கும்? ஒன்றும் மாட்டாமல் இருந்தால் அவர் இன்னொரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார். அங்கே இந்தக் கெட்டி மட்கார்டையே கொடுத்துப் பூட்டச் சொல்லுவார். எப்படி நினைத்தாலும் அந்தத் துண்டு சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் போய்ச் சொருகுவதிலேயே வந்து நின்றது.

வீட்டில் தறியில் உட்கார்ந்திருந்த என் மனைவி நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா, அந்த மட்கார்டா?" என்றாள்.

"ம்."

"போயி சொல்லிட்டு வாயேன். கடிச்சா தின்னுடுவாரு?"

"ரெண்டு பேரும் இருப்பாங்க."

"அப்ப ஒரே வேலையா முடிஞ்சுபோச்சு. ரெண்டு வாட்டி பயப்பட வேணாம்."

இரண்டு மட்கார்டையும் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் பஸ் ஏறினேன். மடியில் வைத்தால் பக்கத்தில் இருப்பவர் மேல் இடித்தது. கண்டக்டர் துணியை விலக்கிப் பார்த்தார்.

"இன்னாண்ணே இது, மொறமா?"

"மட்கார்டு."

"எந்த ஊர்ல இவ்ளோ பெரிய மட்கார்டு மாட்டுறாங்க? மழைக்கு இதுக்குக் கீழ நின்னுக்கலாம் போலக்கீதே."

பஸ்ஸில் நான்கு பேர் சிரித்தார்கள். நான் துணியை இழுத்து மூடிக்கொண்டேன். இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தேன்.

மில்லில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தவிட்டுத் தூசியில் எதிரில் இருப்பவர் மங்கலாகத் தெரிந்தார். மில்காரர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே வீடு என்பதால் அந்த அம்மாள் காபி டம்ளரோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் முகமும் ஒரே நேரத்தில் மாறியது. காட்டிக்கொடுக்க வந்திருக்கிறேன் என்று இரண்டு பேருமே நினைத்திருப்பார்கள்.

"இன்னா அது?" என்றார் அம்மாள்.

"ஒண்ணும் இல்ல, மொபெட்டு பார்ட்ஸு" என்றார் மில்காரர்.

"மொபெட்டுக்கு மஞ்சள்ல, இவ்ளோ நீளத்துக்கா?"

அவர் மேசையிலிருந்த கணக்கு நோட்டை மூடினார். என்னைப் பார்த்து, "இன்னாப்பா விஷயம்?" என்றார். ஏதோ சொன்னேன். மிஷின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா சொல்லு," என்றார். என்னால் சத்தமாகச் சொல்ல முடியாது. வேட்டியை அவிழ்த்தேன். பச்சையை எடுத்து வளைத்துக் காட்டினேன், நிமிர்ந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு அழகானதை எடுத்தேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"டேய், அத வெய்யி."

முழங்காலில் வைத்து அழுத்தினேன். வெள்ளைக் கோடு வந்தது. மிஷின் சத்தத்தையும் மீறி அது உடைந்த சத்தம் கேட்டது. ஒரு துண்டு என் கையில் இருந்தது, இன்னொன்று மூட்டைகளுக்கு நடுவில் போய் விழுந்தது. உடைந்த விளிம்பு என் உள்ளங்கையைக் கீறியிருந்தது.

மில்காரர் மிஷினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். சத்தம் ஓய்ந்துபோனது. இனி நான் பேசித்தான் ஆக வேண்டும்.

"இத மாட்டினா உடையும்யா. இது இப்படி வந்தது என்னாலதான். நான் பட்டு நூல அனுப்பினேன், செஞ்சவரு பளபளப்புக்காகக் கெட்டியான பிளாஸ்டிக்குல போட்டுட்டாரு. அது பச்சதான், அசிங்கமாத்தான் இருக்குது. ஆனா உடையாது. ஓட்டுறதா இருந்தா அததான் பூட்டுவேன். இல்லன்னா வண்டிய எடுத்துக்கினு போயிடுங்க."

அவர் குனிந்து மூட்டை நடுவிலிருந்து துண்டை எடுத்தார். உடைந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அன்னைக்குத் தட்டிப் பாத்தப்பவே சத்தம் சரியில்லன்னு தெரிஞ்சுதுபா" என்றார் மெதுவாக.

அந்த அம்மாள் டம்ளரை மேசையில் வைத்தார்.

"தெரிஞ்சேவா?"

அவர் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கலரப் பாத்ததும் வேற எதுவும் தோணல."

இவ்வளவு நாள் நான் பயந்தது அந்த மட்கார்டுக்கு. இந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் நான் அவரைப் பார்த்துப் பயந்தேன். அம்மாள் பக்கத்திலிருந்த அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் இவர்கிட்டப் போயி வண்டி ஓடக்கூடாதுன்னு சொன்னேன்" என்றார்.

"எப்ப?"

"நீங்க கட்டில் மேல ஏறி எறங்கிக்கினு இருந்தீங்களே, அப்ப."

மில்காரர் என்னைப் பார்த்தார். "உன்கிட்ட ரெண்டு பேரும் வந்தோமா?" என்றார். நான் தலையாட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. அம்மாள் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டார்.

"வேணாம்னு சொன்னா எனக்குத் தெரியாம போவீங்க. அந்தப் பச்சைய மாட்டிக்கினே போங்க. நானும் வருவேன்."

மாட்டுகிற வேலையிலும் எனக்கு நிம்மதி இல்லை. ஓட்டைகள் கொஞ்சம் தள்ளியிருந்தன. அராவி அகலப்படுத்தினேன். ஓட்டை விளிம்பில் சின்னக் கீறல் இருந்தாலும் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும் என்பதால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட்டுக்கு அடியில் ரப்பர் வைத்துப் பூட்டினேன். கடை திறந்ததும் முதல் வேலையாக அதை வளைத்துப் பார்ப்பேன். வளைத்து வளைத்தே அதைக் கெடுத்துவிடுவேனோ என்று பயந்து, பிறகு அதையும் நிறுத்தினேன்.

கூட்டத்தன்று ஏரியில் புழுதி பறந்துகொண்டிருந்தது. பழைய வண்டிகளைச் சுற்றி ஆட்கள் நின்று ஃபோட்டோ எடுத்தார்கள். எங்கள் வண்டியைப் பார்த்து ஒருவர், "இன்னா தலைவரே, மூஞ்சிக்கு மட்டும் எலுமிச்சங்காவா?" என்றார். மில்காரர் ஹெல்மெட்டை மாட்டினார். கட்டிலில் பழகியது வீண்போகவில்லை. காலைத் தூக்கி ஏறிவிட்டார். கிக்கரை உதைக்கும்போது மட்டும் முழங்கால் வலிப்பது முகத்தில் தெரிந்தது.

நானும் அந்த அம்மாளும் மேட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். நிற்கச் சொன்னது அம்மாள்தான். மில்காரர் முதலில் சமதரையில் மெதுவாகப் போனார். திரும்பி வரும்போது சத்தம் கூடியது. மேட்டில் ஏறினார். இரண்டு சக்கரமும் மண்ணை விட்டுக் கொஞ்சம்தான் எழும்பின. எனக்கு அது மரத்தளவு உயரமாகத் தெரிந்தது. இறங்கும்போது முன் ஃபோர்க் உள்ளே அமுங்கியது. சக்கரம் மேலே ஏறி மட்கார்டில் 'பட்' என்று அடித்தது. அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. மட்கார்டு வில் மாதிரி மேலே வளைந்து, திரும்பக் கீழே வந்தது. வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் எங்கள் எதிரில் வந்து நிறுத்தினார். வண்டியை அணைக்கவில்லை. நான் குனிந்து மட்கார்டுக்கு அடியில் கையை விட்டேன். டயர் தேய்த்த இடத்தில் சூடாக இருந்தது. விரலில் கறுப்பு ரப்பர் ஒட்டியது. அதற்குப் பக்கத்தில், நான் அராவிய ஓட்டையை ஒட்டி, பச்சை மஞ்சளில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. நகத்தால் நெருடினேன். விரிசல் இல்லை. கோடு மட்டும்தான்.

நிமிர்ந்தபோது அம்மாள் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்குது?" என்றார் மில்காரர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

"கோடு வந்திருக்குதுயா" என்றேன். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னேன்.

"உடஞ்சிருக்குதா?"

"இல்ல."

அவர் தலையாட்டினார். "இன்னொரு ரவுண்டு போறேன்" என்றார். அம்மாள் அவர் கையைப் பிடித்தார், பிறகு விட்டுவிட்டார். அவர் மேட்டை நோக்கி வண்டியைத் திருப்பினார். நான் அவருக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.